இரண்டு மரங்களுக்கு நடுவே

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு 'பிரேக்கு அக்கா' என்ற பெயர் காட்டுக்குள் போன முதல் நாளே விழுந்துவிட்டது. மகள் படிக்க வெளியூர் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். வேலையிடத்திலோ ஆவி கக்கும் உருளைக்குள் ஈரப் போர்வைகளைத் தள்ளித் தள்ளி முதுகு வளைந்து கிடந்தது. துணி வண்டி ஓட்டும் டிரைவர்தான், "சும்மா வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாக்காதீங்க அக்கா, வாங்க, காத்து வாங்கிட்டு வரலாம்" என்று தடித்த டயர் போட்ட ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்துக் கூட்டிப் போனான்.

அந்தக் காட்டில் சைக்கிள் பாதைகளுக்கு நிறம் பூசிய கம்பங்கள் நட்டிருந்தார்கள். பச்சை புதியவர்களுக்கு. நீலம் கொஞ்சம் பழகியவர்களுக்கு. சிவப்பு கைதேர்ந்தவர்களுக்கு. கறுப்பு, உயிர் வெல்லக்கட்டி என்று நினைக்காதவர்களுக்கு. அக்கா முதல் நாள் பச்சையிலேயே முள்புதருக்குள் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு சருகு உருண்டால்கூட பிரேக்கைப் பிடித்தாள். ஆனால் விடவில்லை. வேர், சரளை, சேறு என்று எல்லாவற்றிலும் எப்படி உடம்பை விட வேண்டும் என்று பழகிக்கொண்டாள். வருகிற புதியவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தாள். "எனக்கே வருதுன்னா உங்களுக்கு வராதா?" என்பாள். அதைவிட நல்ல தைரியம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அவளுக்கு ஒரே அண்ணன். அப்பா செத்த பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவர். நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காடு முடிந்து குட்டைப் புதர்கள் படர்ந்த மேட்டுவெளி தொடங்கும் இடத்தில் அவர் வீடு. காலையில் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வானம்பாடிகளைப் பார்க்கப் போவார். அவை தரையில் கூடு கட்டுபவை. பாதையை விட்டு விலகிப் புதருக்குள் குறுக்கே பாயும் சைக்கிள்காரர்களைக் கண்டால் அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். "உன் கூட்டாளிங்க இன்னைக்கும் ஒரு கூட்டை நசுக்கிட்டானுங்க" என்பார். "அவங்க என் கூட்டாளிங்க இல்லண்ணா, நான் பச்சைக் கட்சி" என்று இவள் சிரித்துச் சமாளிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புதியவர்களை முதன்முறையாக நீலப் பாதைக்குக் கூட்டிப் போனாள். அவள் முன்னால், புதிதாகச் சேர்ந்த ரொட்டிக் கடைக்காரர் பின்னால், அவருக்குப் பின்னால் இன்னும் சிலர். காடு முடிந்து மேட்டுவெளிக்குள் இறங்கும் சரிவு அது. யாருக்கும் வேகம் தானாகக் கூடும். அக்கா வழக்கம்போல் பிரேக்கைப் பிடித்தபடி இறங்கினாள். அப்போதுதான் பார்த்தாள். எதிரே வெட்டவெளியில், காற்றில், பனித்துளிகள் ஒரே வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

சைக்கிள் சறுக்கி நின்றது. பின்னால் வந்த ரொட்டிக் கடைக்காரர் இடித்தார். "என்னம்மா ஆச்சு?" என்றவர், அவள் பார்த்த பக்கம் பார்த்துவிட்டு சைக்கிளை விட்டு இறங்கினார். இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே மெல்லிய கம்பி. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் குரல்வளைக்கு நேராக.

"பாவிங்க. எவன் வேலை இது?" என்றார்.

அக்கா கம்பியை அவிழ்க்க மரத்தருகே போனாள். பட்டையில் கம்பி பதியாமல் இருக்க, கீழே ரப்பர் துண்டு வைத்துச் சுற்றியிருந்தது. பழைய சைக்கிள் டியூப். அதில் ஒரு மஞ்சள் ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டவள் அவளே. தோட்டத்துக் கொடிகளைக் கட்ட வேண்டும் என்று கேட்டாரே என, அண்ணனுக்கு அவள் கொடுத்த டியூப்.

மரத்துக்குக்கூடக் காயம் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கிறார். கம்பியைச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். "எல்லாரும் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே திரும்பிப் போங்க. யாரும் ஏறாதீங்க. வனக்காவலர்கிட்ட சொல்லி எல்லாப் பாதையையும் அடைக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்கு விரைந்தாள்.

அண்ணன் சமையலறை மேசையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கம்பியை மேசைமேல் போட்டாள்.

"இது என்னண்ணா?"

அவர் கம்பியைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "நீயா வந்தே? இன்னைக்கு நீ பச்சையிலதானே இருப்பே?"

அவள் எதிர்பார்த்தது மறுப்பை. 'எனக்கென்ன தெரியும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"கழுத்து உயரம்னு உனக்குத் தெரியாம கட்டிட்டே. அப்படித்தானே?" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள். "சைக்கிளை நிறுத்தணும்னுதான் நினைச்சிருப்பே. சொல்லுண்ணா."

"தெரியும்" என்றார் அண்ணன். "வாழ்நாளெல்லாம் அளந்தவன்மா நான்."

அண்ணி குழாயை மூடினாள்.

"நாலு குஞ்சு. கண்ணுகூடத் திறக்கல. ஒருத்தனுக்கு ஒரு தடவை பட்டா மத்தவனுக்கெல்லாம் புத்தி வரும்னு..." என்று இழுத்தவர், சட்டென்று எழுந்தார். காப்பிக் கோப்பை கவிழ்ந்தது. "இன்னொண்ணு இருக்கு. சிவப்பில. பாறை தாண்டி ரெண்டாவது வளைவு."

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. சிவப்புப் பாதையில் அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. மேலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. அன்று இறங்கினாள். பாறையில் சக்கரம் துள்ளியது, ஒரு தரம் விழுந்தாள், முட்டி கிழிந்தது, எழுந்து மறுபடி ஏறினாள். பிரேக்கைப் பிடித்தாளா இல்லையா என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே நினைவில்லை.

இரண்டாவது வளைவுக்கு முன்னால் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கம்பி இருந்தது. வெட்டக் குறடு இல்லை. முறுக்கை விரலால் பிரித்தாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. மேலே சக்கரச் சத்தம் கேட்டது. "நில்லு! நில்லு!" என்று கத்தினாள். வருகிறவனுக்குக் காற்றிரைச்சலில் கேட்கவில்லை. கடைசி முறுக்கு அவிழ்ந்து கம்பி சுருண்டு தரையில் விழுந்த அதே கணம் ஒருவன் வளைவில் பறந்து வந்தான்.

"ஓரம் போங்க அக்கா! வழியில நிக்கிறீங்க!" என்று எரிச்சலோடு கத்திவிட்டுப் போய்விட்டான். பதின்வயதைத் தாண்டாத முகம். கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தான். அந்தத் துணி மரங்களுக்கிடையே மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சேற்றிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அண்ணன் மேட்டின் கீழ்ப்பக்கமிருந்து குறடோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். "எடுத்துட்டியா?" என்றார். அவள் தலையாட்டினாள். அவர் கை நீட்டினார். அவள் அதைப் பிடிக்காமல் தானே எழுந்தாள்.

"நீ போய் வனக்காவலர்கிட்ட சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

"என்னைப் பிடிச்சுக் கொடுப்பியா?"

"ஆமாண்ணா."

அவர் சொல்லவில்லை. அவள் சொன்னாள். சொந்தபந்தத்தில் பாதிப்பேர் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "வளர்த்த கடா மார்ல பாயுது" என்றார்கள். நீதிமன்றத்தில் அண்ணன் எதையும் மறுக்கவில்லை. சிறைக்குப் போய் வந்தார். தங்கையின் பேரை எடுப்பதில்லை. அண்ணி மட்டும் சலவைப் பிரிவுக்கு வெளியே காத்திருந்து அவளைப் பார்த்துவிட்டுப் போவாள். இருவருக்கும் பேச அதிகம் இருக்காது. ஒருமுறை அண்ணி கேட்டாள்: "முப்பது வருஷம் ஒரே கட்டில்ல படுத்தவ நான். எனக்கு ஏன் தெரியல?"

வானம்பாடிகள் கூடு கட்டும் காலத்தில் மேட்டுவெளிப் பாதையை அடைக்கச் சொல்லி வனத்துறையிடம் நடையாய் நடந்து சாதித்தவளும் அவள்தான். சைக்கிள்காரர்கள் முணுமுணுத்தார்கள். "சுத்திப் போனா கால் தேஞ்சிடாது" என்று அவர்கள் வாயை அடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போதும் புதியவர்களைக் கூட்டிப் போகிறாள். காடு முடியும் இடம் வந்ததும் எல்லோரையும் நிறுத்தி, அவள் மட்டும் இறங்கி, அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே வெறும் காற்றில் கையை நீட்டித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் "வாங்க" என்பாள்.