உள்ளே வராத மனிதர்

அமரர் ஊர்தி ஓட்டுநர் மறுபடியும் படியேறி வந்து வாசலில் நின்றார். லிஃப்ட் இருந்தும் படியில்தான் வந்தார். அந்த லிஃப்டைப் பராமரித்தவர்தான் உள்ளே படுத்திருக்கிறார் என்று கீழே யாரோ சொல்லியிருக்க வேண்டும். மரியாதையோ பயமோ, கேட்க யாருக்கும் நேரமில்லை.

"எந்தப் பக்கம்னு சொல்லிட்டீங்கன்னா வண்டியைத் திருப்பி வெச்சிடுவேன். மூணு மணி தாண்டினா மின்மயானத்துல நம்ம முறை போயிடும். அப்புறம் நாளைக்குத்தான்."

இடப்பக்கம் போனால் பிரார்த்தனைக் கூடம். வலப்பக்கம் போனால் மின்மயானம்.

"இடப்பக்கம்" என்றாள் அத்தை.

"வலப்பக்கம்" என்றாள் மகள்.

ஓட்டுநர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார்.

"ஏண்டி, என் தம்பியை அநாதைப் பிணம் மாதிரி நேரா நெருப்புல தள்ளப் போறியா?" அத்தையின் குரல் மாடிப்படி வரை கேட்டது. "பெத்தவங்க அவனைக் கூட்டிட்டுப் போன இடம் அது. அவன் கல்யாணம் நடந்த இடம்."

"அப்பா வேண்டாம்னு சொன்னாரு அத்தை."

"யார்கிட்ட?"

"என்கிட்ட."

"சாட்சி யாரு?"

மகளுக்குச் சாட்சி இல்லை. அவள் பாலங்களின் அதிர்வை அளக்கும் பொறியாளர். அளவு பதிவாகவில்லை என்றால் அளக்கவே இல்லை என்றுதான் அர்த்தம் என்று தனக்குக் கீழே இருப்பவர்களிடம் தினமும் கத்துகிறவள். அப்பா சொன்னது காரில், இருவர் மட்டும் இருந்தபோது, சிக்னலில் நிற்கும்போது. "எனக்கு ஒண்ணு ஆனா என்னை உள்ள தூக்கிட்டுப் போயிடாதே. நேரா போயிடலாம்." அவ்வளவுதான். பச்சை விழுந்தது. பேச்சு டயர் விலைக்கு மாறிவிட்டது.

அப்பாவின் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. குளிப்பாட்டியவர்கள் தேய்த்தும் போகவில்லை. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதில் கூடத்தின் முன்வரிசையில் உட்கார்ந்து பாடியவர்தான். நல்ல குரல் என்று அத்தை இன்றும் சொல்வாள். ஒருநாள் அடுக்குமாடி ஒன்றில் லிஃப்ட் சறுக்கி, அவரோடு வேலை பார்த்த நண்பன் செத்துப்போனான். கூடத்தில் அவனுக்காகப் பிரார்த்தனை நடந்தது. மேலே இருப்பவர் தன் பிள்ளையை அழைத்துக்கொண்டார் என்று கூடத்தை நடத்திய அப்போதைய பெரியவர் உருகிப் பேசினார். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் மனைவியிடம் சொன்னார்: "யாரும் கூப்பிடலை. பிரேக் லைனிங் தேஞ்சிருந்தது. மாத்தச் சொல்லிச் சொல்லி அவன் வாய் வலிச்சுது."

அடுத்த வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார். கேட் வரை. "நீ போயிட்டு வா" என்றார். எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று பேப்பர் படித்தார். அதற்கடுத்த வாரமும். பிறகு எல்லா வாரமும். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மட்டும் போகவில்லை. யாரிடமும் வாதாடவில்லை. கடவுள் உண்டா இல்லையா என்று வம்புக்கு இழுத்தவர்களிடம், "எனக்கு ஏழாவது மாடி வரைக்கும்தான் தெரியும்" என்று சொல்லிவிடுவார்.

முதலில் அந்தச் சுவரோரம் அவர் மட்டும்தான். ஜனங்கள் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலப் போவார்கள். பிறகு பேக்கரிக்காரர் வந்து சேர்ந்தார். மனைவியை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் வருவது பெட்ரோல் தண்டம் என்றார். அப்புறம் ஒரு பள்ளி ஆசிரியர். அப்புறம் கல்லூரி முடித்த பிள்ளைகள், மருமகன்கள். உள்ளே போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் ஒரு வாரம் கேட்டருகே தயங்குவார்கள். மறுவாரம் சுவரோரம் நிற்பார்கள். காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் கேட்கவில்லை. "உள்ள இருக்கிறவங்களுக்குச் சொர்க்கம், நமக்கு டீ" என்பார் பேக்கரிக்காரர். மெக்கானிக்குக்கு 'வாசல் தலைவர்' என்று பேர் வைத்தவரும் அவரே. கடைசி சில வருடங்களில் சுவரோரக் கூட்டம் கூடத்துக் கூட்டத்தைவிடப் பெரிதாகிவிட்டது. உள்ளே பாட்டுச் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. வெளியே சிரிப்புச் சத்தம் கூடியபோது, "மெதுவாப் பேசுங்கப்பா, அவங்க பாடுறாங்க" என்று அதட்டுகிறவரும் வாசல் தலைவர்தான்.

இப்போது அந்தச் சுவரோர ஆட்கள் எல்லோரும் மாடிப்படியில் வரிசையாக நின்றார்கள். உள்ளே வருவதா, கீழே போவதா என்று தெரியாமல் கைகளைக் கட்டியும் அவிழ்த்தும் கொண்டிருந்தார்கள்.

அவர்களை விலக்கிக்கொண்டு கூடத்துப் பெரியவர் வந்தார். வயதானவர், மூச்சு வாங்கியது. பெட்டியருகே கண்ணை மூடி நின்றார். பிறகு அம்மாவிடம் குனிந்து, "கவலைப்படாதீங்கம்மா. எல்லாம் தயாரா இருக்கு. சரியா நாலு மணிக்குக் கொண்டு வந்துடுங்க" என்றார்.

"கேட்டியா?" என்றாள் அத்தை.

மகள் நிமிர்ந்தாள். "எதுக்கு நாலு மணி? இப்பவே போனா மூணுக்குள்ள முடிச்சிட்டு மயானத்துக்கும் போயிடலாமே."

"இல்ல பாப்பா, நாலு மணின்னா வசதி."

"யாருக்கு?"

அத்தை பாய்ந்தாள். "பெரியவங்ககிட்ட குறுக்கு விசாரணை பண்ணுறா பாரு!"

"நாலு மணிக்கு யார் வராங்க ஐயா?"

பெரியவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பொய் பழகாத முகம். "தலைமையகத்துலேர்ந்து வராங்க. எத்தனை பேர் வராங்கன்னு பார்த்துட்டு, கூடத்தை வெச்சிருக்கலாமா மூடிடலாமான்னு முடிவு பண்ணப் போறாங்க. உள்ள நாங்க ஒரு பிடி பேர்தான் இருக்கோம். இவரைக் கொண்டு வந்தா…" அவர் மாடிப்படியைப் பார்த்தார். "இவங்கல்லாம் உள்ள வருவாங்க. ஒருநாளாவது கூடம் நிறையும்."



மகள் அவர் எதிரே வந்து நின்றாள். "எங்கப்பாவை வெச்சு ஆள் கூட்டுறீங்களா?"

"பாப்பா, உங்கம்மா உக்காந்து பாடுற இடம் அது. எனக்காக மட்டும் கேக்கலை."

அது உண்மை. அதுதான் அவளைத் தைத்தது. கூடம் போய்விட்டால் அம்மாவுக்கு வாரத்தில் வீட்டை விட்டு இறங்க ஒரு காரணமும் மிச்சமில்லை. அப்பாவின் ஒரு வரிப் பேச்சு ஒரு பக்கம். அம்மாவின் மிச்ச நாட்கள் ஒரு பக்கம். அப்பா அப்படிச் சொல்லவே இல்லை, தனக்கு வேண்டியபடி தானே காதில் வாங்கிக்கொண்டோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கீழே வண்டியின் ஹாரன் அடித்தது.

"அம்மா, நீ சொல்லு. நான் அதைச் செய்யறேன்."

அம்மா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இவர் உள்ள வரணும்னு நான் கேக்காத வாரம் இல்ல" என்றாள். "கேட் வரைக்கும் வந்துட்டு, நீ போயிட்டு வான்னுதான் சொல்வாரு. எத்தனை நாள் அழுதுட்டே உள்ள போயிருக்கேன். வந்தா அவரா நடந்து வரணும். நாலு பேர் தூக்கிட்டு வந்தா, அது அவர் வந்ததா ஆகுமா அண்ணி?"

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். "இவர் வரமாட்டாரு. நீங்க யாராவது நாலு மணிக்கு உள்ள வந்து உக்காருவீங்களா? இவருக்காக இல்ல. எனக்காக."

ஒருவரும் அசையவில்லை. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார். எந்தக் கூட்டத்திலும் வாய் மூடாத மனிதர்.

"சரி விடுங்க" என்றாள் அம்மா. "கேட்டா அவரும் இப்படித்தான் தரையைப் பாப்பாரு. வலப்பக்கம் போகச் சொல்லுங்க."

"நான் வரலை" என்றாள் அத்தை. "பிரார்த்தனை இல்லாத சாவுக்கு நான் வரலை." பெட்டியை எடுக்கும்போது மட்டும் ஓடி வந்து தம்பியின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு கதவோரம் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

மின்மயானத்தில் ஊழியர், "யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். வழக்கமான கேள்வி. வாசலில் வருடக்கணக்காக அரட்டை அடித்த அத்தனை பேருக்கும் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. மகளுக்கும் கிடைக்கவில்லை. உள்ளே போகிறவர்களுக்கு மனப்பாடமாக ஒன்று இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. ஊழியர் கடிகாரத்தைப் பார்த்தார். பேக்கரிக்காரர் தொண்டையைச் செருமி, "நல்ல மனுஷன்" என்றார். பிறகு, "ரொம்ப நல்ல மனுஷன்" என்றார். அதற்குமேல் போகவில்லை. உலையின் கதவு மூடிக்கொண்டது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள். "என்னைக் கூடத்துல இறக்கி விடு."

"இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான். எண்ண வராங்கல்ல."

கூடத்தின் முன்னால் வெளியூர்க் கார் ஒன்று நின்றிருந்தது. எதிர்ச்சுவரோரம் ஆளில்லை. மகள் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். உள்ளே போய் உட்காரலாம். ஒரு தலை கூடும். அம்மாவுக்கு அது போதும் என்பது அம்மா கதவைத் திறக்காமல் இருந்ததிலேயே தெரிந்தது. மகளின் கை சீட் பெல்ட்டின் மேல் போய் நின்றது. நம்பாமல் உட்கார்ந்தால் அது தப்பான அளவு. உட்காராவிட்டால் அம்மா தனி.

"கட்டாயம் இல்லடி" என்றாள் அம்மா. குரலில் கட்டாயம் இருந்தது.

அப்போது கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு அத்தை வெளியே வந்தாள். வீட்டிலிருந்து நேராக இங்கேதான் வந்திருக்கிறாள்; முகம் அழுது வீங்கியிருந்தது. படியில் நின்று காரிலிருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்: "இறங்குடி, இறங்கு! எண்ண ஆரம்பிச்சிட்டாங்க. உனக்கு எந்த வரிசை வேணுமோ உக்காந்துக்கலாம், எல்லாம் காலியாத்தான் கிடக்கு!"

அம்மா இறங்கினாள். அத்தை படியிறங்கி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து கார் ஜன்னல் வழியாக மகளைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று மகள் காத்திருந்தாள். அத்தை கேட்கவில்லை.

இருவரும் படியேறினார்கள். மகள் காரை விட்டு இறங்கவில்லை.