மேசையில் உதிர்ந்த தூள்

எலும்பின் மனதை அறிந்தவன் நான் என்று கூச்சமே இல்லாமல் பதினைந்து வருடம் பேசிக்கொண்டிருந்தேன். காற்று ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வர வழி வேண்டும் என்பது ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கம்பெனி, முழங்காலுக்குள் வைக்கும் டைட்டானியத் துண்டுகளைச் செய்கிறது. உலோகத் தூளை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்குவோம். துண்டெங்கும் பஞ்சு போலத் துளைகள்; எலும்பு அவற்றுக்குள் வளர்ந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். உருகாத தூள் துளைகளில் தங்கிவிடும். அதை முழுக்கக் காற்றடித்து எடுத்துவிட வேண்டும். நோயாளியின் காலுக்குள் போகக் கூடாது.

நான் வரைந்த புதுத் துண்டில் துளைகள் மேல்பக்கம் மட்டும் திறந்திருந்தன. அடியையும் பக்கங்களையும் வழவழப்பான தகடாக மூடிவிட்டேன். பொறியியல் காரணம் ஒன்றுமில்லை. திரையில் சுழற்றிப் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

தூள் நீக்கும் அறையில் வேலை செய்யும் அம்மா நீலசந்திராவிலிருந்து வருகிறவர். துண்டோடு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"சார், ஒரு பக்கம் ஊதினா இன்னொரு பக்கம் வரணும். இதுல நான் ஊதுறது திரும்பி என் கண்ணாடி மேலயே வருது."

"இன்னும் கொஞ்சம் ஊதுங்கம்மா" என்றேன். அதோடு விட்டேனா? எலும்புக்கு எப்படிப்பட்ட குகை பிடிக்கும், எங்கே தயங்கும், எங்கே குடியேறும் என்று கால்மணி நேரம் விளக்கினேன். "சரி சார்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் எலும்பு மருத்துவர் வந்தார். அவர் தலையசைத்தால்தான் என் இரண்டு வருட உழைப்பு அடுத்த சோதனைக்குப் போகும். நான் குகைகளிலிருந்து ஆரம்பித்தேன். அவர் துண்டைக் கையிலெடுத்து மேசையில் டக் டக்கென்று தட்டினார். அவருடைய டைரி மேல் சாம்பல் நிறத் தூள் உதிர்ந்தது. மறுபடி தட்டினார். மறுபடியும் உதிர்ந்தது.

"என்ன சார் இது, பவுடர் டப்பாவா? இதை நான் யார் கால்ல வைக்கறது?"

எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் உட்கார்ந்து தகடுகளை எடுத்தேன். எல்லாப் பக்கமும் வழிகளைத் திறந்தேன். லட்சணம் போயிற்று. மருத்துவர் இம்முறை நாலைந்து தடவை தட்டினார், டைரியைத் தடவிப் பார்த்தார், தலையசைத்தார்.

ஓட்டமும் நடையுமாகத் தூள் அறைக்குப் போனேன். "டாக்டர் ஒத்துக்கிட்டாரும்மா! எல்லாப் பக்கமும் திறந்தேன் பாருங்க, அதான் விஷயம்!"

அந்த அம்மா கையுறையைக் கழற்றவில்லை.

"அதைத்தானே சார் அன்னிக்கே சொல்ல வந்தேன். நீங்கதான் எலும்பு கூடப் பேசிக்கினு இருந்தீங்க."