ஐந்து அங்குல டிவியில் ஆண்டனி மாமா

என் மனைவி ஜோசபினுக்குச் செத்துப்போன சாமான் எதையும் தூக்கிப்போட மனசு வராது. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கிற வேலை. அவள் அப்பா ஆண்டனி மாமா, கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டை மேலேயிருந்து இயக்கியவர். அப்பா இறக்கினார், மகள் ஏற்றுகிறாள் என்று கேலி செய்வேன். பல்பு மாட்டவே ஆள் தேடுகிற எனக்கு அதற்கு மேல் பேச வக்கில்லை.

ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசுவை வைப்பது எப்போதும் மாமாதான். போன டிசம்பரில் இடுப்பெலும்பு முறிந்து, தங்கவயலில் மகன் ஜாய்சன் வீட்டில் படுத்துவிட்டார். "இந்த வருசம் நீங்களே வெச்சுக்குங்கம்மா" என்று போனில் சொன்னார். ஜோசபின் அழுதாள். மறுநாளே அவருடைய பழைய கறுப்பு வெள்ளை டிவியைப் பரணிலிருந்து இறக்கினாள். ஐந்து அங்குலத் திரை, தூக்கிப்போகக் கைப்பிடி.

"போன்லயே அவரைப் பாக்கலாமே?" என்றேன்.

"சும்னே இருங்க. அப்பா ஓவர்டைம் பண்ணி வாங்கினது இது. இதுலதான் அவரு வரணும்."

போட்டால் திரை நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் வந்தது. உப்பிப்போன கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டு, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய புதியவற்றைப் பற்றவைத்தாள். மூன்றாம் நாள் கோடு விரிந்து திரையை நிறைத்தது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஹெலன் ஓடி வந்துவிட்டாள்.

போன் படம் டிவியில் தெரிய உள்ளே ஒரு வயர் இழுத்தாள். குடிலுக்கு மேலே நூலில் ஒரு தீப்பெட்டிக் கூண்டு, சின்ன மோட்டார். அங்கே மாமா தன் போனில் பொத்தானை அழுத்திப் பிடித்தால் இங்கே கூண்டு இறங்கும், விட்டால் நிற்கும்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் டிவியில் மாமா வந்தார், சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு. கூண்டுக்குள் சுண்டுவிரல் அளவுக் குழந்தை இயேசு.

"அழுத்துங்கப்பா!"

மாமா அசையவில்லை. ஜோசபின் மோட்டாரைத் தட்டிப் பார்த்தாள். வயரை ஆட்டினாள். முகம் சுருங்கிவிட்டது. "எல்லாம் போச்சு" என்றாள்.

"ஒண்ணும் போவல. மணி எங்க?" என்றார் மாமா. "உள்ள ஆளு கீது. மணி அடிக்காம எப்படிம்மா இறக்கறது?"

ஜோசபின் தலையில் அடித்துக்கொண்டாள். சுரங்கத்தில் மணி அடித்த பிறகுதான் கூண்டு நகரும்; அது சுரங்கக்காரர் மகளுக்கே மறந்துவிட்டது! நான் வாசலில் நின்ற சைக்கிளை அப்படியே வீட்டுக்குள் தள்ளி வந்தேன். "எத்தனை மாமா?"

"மூணு அடிச்சா ஆளு கீதுன்னு அர்த்தம். அப்பால ரெண்டு, இறக்குன்னு."

அடித்தேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்து பொத்தானை அழுத்தினார். கூண்டு ஆடாமல் இறங்கியது. வைக்கோலைத் தொட்டதும் ஜோசபின் பாய்ந்து வந்து ஒரே ஒரு மணி அடித்தாள், நிறுத்தச் சொல்லி.

மாமா விரலை எடுத்தார். "சேந்தாச்சா?"

"பத்திரமா சேந்தாச்சுப்பா" என்றாள்.