சின்ன விமானத்துக்கு ஒரு கேட்

எங்கள் தெருவில் ஸ்டெபியைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவளுக்கு நடந்தது எனக்கு நடந்திருந்தால் இன்னும் மோசமாகத்தான் இருந்திருப்பேன்.

அவள் அப்பா இஞ்ஞாசி வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். ஒரே மகள் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறாள் என்றதும் தெருவே சிரித்தது. "கடல்ல போறதுக்கு நான் யார்கிட்ட கேட்டேன்? எம்மவ வானத்துல போறதுக்கு மட்டும் ஒங்ககிட்ட கேக்கணுமாலே?" என்று எல்லார் வாயையும் அடைத்தார். அவள் படித்து, சேலம் பக்கம் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநரும் ஆகிவிட்டாள்.

சில வருடங்களுக்கு முன், ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்தில், புதன்கிழமை காலை கடலிலிருந்து திரும்பிய இஞ்ஞாசி கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். மறுநாள் பெரிய வியாழன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை அடக்கப் பூசை வைக்க முடியாது. பூசை இல்லாமல் புருஷனை மண்ணில் வைக்க ஸ்டெபியின் அம்மா பிலோமி சம்மதிக்கவில்லை. ஆகவே அன்று மாலையே அடக்கம் என்று முடிவாயிற்று.

எங்கள் ஆட்களிடம் பெட்டியை மூடுமுன் பிள்ளைகள் முத்தம் கொடுக்க வேண்டும். பறந்துகொண்டிருந்த ஸ்டெபிக்குச் செய்தி எட்டவே மதியமாயிற்று. இனிக் காரில் கிளம்பினால் அதற்கு வந்து சேர முடியாது. பள்ளிக்காரர்கள் இரக்கப்பட்டு, அனுமதியும் வாங்கித் தந்து, இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைக் கொடுத்தார்கள். வெயில் தாழுமுன்பே இங்கே தூத்துக்குடி விமான நிலையத்தில் வந்து இறங்கிவிட்டாள்.

இறங்கி என்ன பயன்? வெளியே வர வேண்டுமே!

சின்ன விமானத்தில் வருகிறவர்கள் நடந்து வெளியேறுவதற்கென்றே அங்கே ஒரு சிறிய கேட் இருந்தது. விமானத்துக்குப் படி வைப்பது, வண்டி விடுவது போன்ற வேலைகளை ஒப்பந்தம் எடுத்திருந்த நிறுவனத்தின் மேலாளர் செல்வதுரை அதைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டிருந்தான். யாராக இருந்தாலும் அவன் வண்டியில் ஏறித்தான் போக வேண்டும். அந்த வண்டியோ பெரிய விமானத்து ஆட்களுக்குப் போயிருந்தது.

"அண்ணாச்சி, எங்கப்பா பெட்டிய மூடப் போறாங்க. கேட்ட மட்டும் தொறந்து விடுங்க, நடந்து போயிருதேன்."

"சின்ன பிளேன்ல வாரவங்க எல்லாரும் ஒரு கதை வச்சிருக்கீங்க. வண்டி வரும். அங்கன போயி உக்காருங்க."

"கதையில்ல அண்ணாச்சி, எங்கம்மாகிட்ட பேசிப் பாருங்க" என்று போனை நீட்டினாள். பாவி, அதைக் கையில்கூட வாங்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நான் பிலோமியின் பக்கத்தில் நின்றேன். "எம்பிள்ள வந்துட்டா, கொஞ்சம் பொறுங்க சாமி" என்று அவள் சாமியாரிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அவரும் முடிந்த மட்டும் பொறுத்தார். இருட்டத் தொடங்கியதும் பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள். ஒருவழியாக வண்டி கிடைத்து ஸ்டெபி ஓடி வந்தபோது மண் போட்டு முடித்து ஆட்கள் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் அழவில்லை. "செல்வதுரை" என்று அவன் பெயரை மட்டும் சொன்னாள்.

பயிற்சி மாணவர்கள் தனியாகத் தொலைதூரம் பறந்து பழக வேண்டும். எந்த ஊருக்கு அனுப்புவது என்பது பயிற்றுநர் கையில் இருக்கிறது. ஸ்டெபி தன் மாணவர்களை எல்லாம் தூத்துக்குடிக்கே அனுப்பினாள். கேட்டைத் திறக்கச் சொல்லி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, வண்டி வேண்டும் என்று மட்டும் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். தரையில் கால் எட்டுகிற விமானத்துக்கு அவர்கள் படியும் கேட்டார்கள்.

செல்வதுரையிடம் இருந்ததோ ஒரே வண்டி. அது நாயாய் அலைந்தது. பெரிய விமானத்து ஆட்கள் வெயிலில் நின்று கத்தினார்கள். விமானம் தாமதமானது, பயணிகளின் புகார் குவிந்தது. கடைசியில் அவனே ஸ்டெபியைப் போனில் கூப்பிட்டான்.

"மேடம், கேட்டத் தொறந்து விடுதேன். ஒங்க பசங்கள நடந்து போகச் சொல்லுங்க."

"ஒங்க வண்டியிலதான போணும்? வண்டிய அனுப்புங்க" என்று வைத்துவிட்டாள். இதைக் கேட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது.

மேலிடத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். ஸ்டெபியும் போனாள். "மக்கள் வரிப்பணத்துல கட்டுன எடம் சார் இது. பெரிய பிளேனுக்கு ஒரு நியாயம், சின்ன பிளேனுக்கு ஒரு நியாயமா? அந்த கேட்ட யாரு பூட்டச் சொன்னா?" என்று கேட்டாள். யாரும் பூட்டச் சொல்லவில்லை. வண்டிக் கட்டணத்துக்காக அவனாகவே பூட்டியதுதான். ஒப்பந்தம் ரத்தானது, கேட் திறந்தது, செல்வதுரைக்கு வேலை போனது.

போன மாதம் ஸ்டெபி அந்தக் கேட் வழியாக நடந்து வெளியே வந்தபோது அவன் காத்திருந்தான். வேறு எங்கும் வேலை தர மறுக்கிறார்களாம், ஒரு வார்த்தை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். காலில் விழப் போனான். அவள் விலகி ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது நானும் இருந்தேன். பிலோமி குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அழுதானா ஏளா?"

"அழுதாம்மா."

"சாமியாரு மன்னிக்கச் சொல்லுதாரு. எனக்கு மனசு வரல" என்று மகளின் தட்டில் மீனை வைத்தாள்.

ஸ்டெபி அதைத் தொடவில்லை. இத்தனை வருடமாகக் கேட்காத ஒன்றை அப்போது கேட்டாள். "பெட்டிய மூடும்போது அப்பா மொகம் எப்படிம்மா இருந்துச்சு?"

பிலோமி அடுப்பை அணைத்தாள். "ஒரு கண்ணு மூடவே இல்ல ஏளா. நானும் தடவித் தடவிப் பார்த்தேன். தொறந்தேதான் இருந்துச்சு."

ஸ்டெபி தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அவன் இன்னும் அழணும்மா" என்றாள்.