மில் கல்லும் வள்ளியம்மை கல்லும்

பர்மாவில் நான் இருக்கும் இந்த ஊரில், இல்லாமல் போனவற்றுக்குக் கல் நடுகிறார்கள். இங்கேதான் மரம் அறுக்கும் முதல் மில் இருந்தது என்று ஒரு கல்; இங்கேதான் யானைகள் தேக்கைக் கரையேற்றின என்று ஒரு கல். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். நான் படித்தது நாலாம் வகுப்புத் தமிழ். டவுன் கமிட்டி குமாஸ்தாதான் வாசித்துச் சொன்னார். மேலே காடு வெட்டித் தீர்ந்து, சால்வீன் ஆற்றில் மரம் மிதந்து வருவது நின்று, மில்லையும் மூடிய பிறகு வந்த யோசனை இது. மில்லில் மரம் உருட்டிய என்னை அந்தக் கற்களுக்குக் காவல் வைத்தார்கள்.

"ஏன் மச்சான், கல்லு எந்திரிச்சு எங்கிட்டாவது ஓடிருமா?" என்று கேலி செய்வான் கருப்பையா. என் மனைவியின் தம்பி. படகுத்துறையில் நெல் மூட்டை சுமக்கிறான்.

மில் இருந்த இடத்துக் கல்தான் வம்பாகிவிட்டது. இரண்டு தூண் நட்டு, மார்பு உயரத்தில் பலகைக்கல் ஒன்றைக் குறுக்கே கிடத்தியிருந்தார்கள். நம் புதுக்கோட்டைச் சீமையில், வயிற்றுப் பிள்ளையோடு இறந்தவள் பேரில் பாதையோரம் போடும் சுமைதாங்கி அப்படியேதான் இருக்கும். முதல் நாளே துறையிலிருந்து வந்த நம் பெண்கள் கூடைகளை அதில் இறக்கி, கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். கமிட்டி துரை பார்த்துவிட்டார். இன்னொரு முறை கூடையைக் கண்டால் என் வேலை போய்விடும் என்று குமாஸ்தா சொல்லிப் போனார்.

எனக்கு யாரையும் அதட்ட வராது. இதிலோ வேறொன்றும் இருந்தது. என் மனைவி வள்ளியம்மை, கூலிகள் குடியிருந்த இந்த மில் லயத்தில்தான், எட்டு மாதப் பிள்ளை வயிற்றோடு போனாள். இங்கேயே அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தபோது, ஆவுடையார்கோவில் பாதையில் மாமனார் என்னை நிறுத்தினார். "கல்லு எப்பப் போடப் போறீங்க? அவ இன்னும் சொமந்துக்கிட்டுல்ல நிக்கிறா" என்றார். அடுத்த முறை என்று சொல்லிக் கப்பலேறினேன். அந்த அடுத்த முறை வரவில்லை. ஊரில் போட்டால் அவளை இங்கே தனியாக விட்டதாகும். இங்கே போட்டால் நான் இனித் திரும்பமாட்டேன் என்றாகும். யோசித்தபடியே வருடங்கள் போயின.

குமாஸ்தா எச்சரித்த மறுநாள், ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் விறகுக்கட்டோடு கல்லருகே நின்றாள். விலகச் சொல்லத்தான் எழுந்தேன்.

"யாரு பேருல போட்ட கல்லுங்க?" என்றாள். பின்னால் கருப்பையா மூட்டையோடு வந்துகொண்டிருந்தான்.

"வள்ளியம்மை பேருல" என்றேன்.

"மகராசி" என்று விறகுக்கட்டைக் கல்மேல் இறக்கினாள். கருப்பையா என்னையே பார்த்தான். பிறகு தன் மூட்டையையும், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல, அதன்மேல் இறக்கினான்.

அன்றிலிருந்து நம் ஆட்களுக்கு அது வள்ளியம்மை கல். துரை வரும் நேரம் பார்த்து விலகிக்கொள்கிறார்கள். எதிரே வெற்றிலை விற்கும் பர்மாக்காரி மா டின், பெண்கள் கல்லைத் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்து, "நாட்டா?" என்று கேட்டாள். நாட் என்பது அவர்களுடைய காவல் தெய்வம். இல்லை, என் மனைவி என்று சொல்ல எனக்கு அவர்கள் பாஷை போதவில்லை. தலையை எப்படியோ ஆட்டிவைத்தேன். மறுநாள் கல்லடியில் ஒரு தண்ணீர்ப்பானை இருந்தது, மூடியும் சிரட்டையுமாக.

யுத்தம் இங்கேயும் வரப்போகிறதென்று இப்போது எங்கும் பேச்சு. கருப்பையா ஊருக்குக் கப்பலேறுகிறான். என்னையும் கூப்பிட்டுப் பார்த்தான்.

"கல்லுப் போட்டாச்சுன்னு உங்கப்பாகிட்டச் சொல்லிரு" என்றேன்.

"சொல்றேன். எந்தப் பாதையிலன்னு கேப்பாரே மச்சான். விடிஞ்சதும் பாக்கக் கெளம்பிருவாரு."

அவன் தன் தகரப்பெட்டியைக் கல்மேல் வைத்து மூச்சு வாங்கினான். கப்பலுக்குக் கொண்டுவிடும் படகிலிருந்து கூப்பிட்டார்கள். பெட்டியை அவன் தோளில் தூக்கிவிட்டேன்.

கல்லின் எழுத்து முகம் தெருவைப் பார்க்கிறது. எழுத்தில்லாத முதுகு கடலுக்குப் போகும் ஆற்றைப் பார்க்கிறது. படகு மறைந்த பிறகு, எந்தப் பக்கம் உட்காருவதென்று தெரியாமல் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.