அங்கி மேசைக்கு ஒரு படகுப் போட்டி

பட்டமளிப்பு விழா மேடையில் கொடுக்கப்படும் உறைக்குள் ஒன்றும் இருக்காது. சிறப்பு விருந்தினர் சிரித்தபடி நீட்டுவதும், பட்டதாரி குனிந்து வாங்குவதும், கீழே அவருடைய அப்பா கைபேசியில் கட்டைவிரலைச் சேர்த்துப் படமெடுப்பதும் காலி உறையைத்தான். சான்றிதழ் அரங்கத்தின் பின்வாசலில், என் மேசையில் இருக்கும். வாடகை அங்கியைக் கழற்றிக் கொடுத்தால் கிடைக்கும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் மனித இயல்பை ஆராய்ந்து முடித்தவர் அவர் ஒருவர்தான்.

நாளிதழ் வேலையை விட்டு மக்கள் தொடர்புப் பிரிவில் சேர்ந்தபோது செய்திக்குறிப்பு எழுதச் சொல்வார்கள் என்று நினைத்தேன். எழுதச் சொன்னார்கள். கூடவே அங்கி மேசையையும் தலையில் கட்டினார்கள். ஏப்ரலில் எங்கள் விழா. அது முடிந்தால் ஜூன் வரை சனிக்கிழமைதோறும் இணைப்புக் கல்லூரிகளின் விழாக்கள். அங்கி கறுப்பு பாலியஸ்டர். கத்திரி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ப் படம் பிடித்துக்கொண்டு, கைமடிப்பில் மணலோடு திரும்புவார்கள். ஒரு கைமடிப்பில் பாதி கடித்த மிளகாய் பஜ்ஜி இருந்தது. திரும்பி வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரயில் இருக்கும்.

"மேடம், ட்ரெயின் மேடம்!"

"எங்களுக்கு மட்டும் இன்னா ஃப்ளைட்டா? வரிசைல நில்லு நைனா!" என்று வரிசையிலிருந்து ஓர் அப்பா கத்துவார்.

சான்றிதழ் இருப்பதால் அந்த மேசை தேர்வுப் பிரிவின் வேலை என்பது எங்கள் கட்சி. அங்கி இருப்பதால் அது அலங்கார வேலை, எனவே மக்கள் தொடர்பு என்பது அவர்கள் கட்சி. இரண்டு கட்சிகளும் வாதாடிக்கொண்டிருக்க, மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

என் பிரிவுத் தலைவர் துணைப் பதிவாளர். மயிலாப்பூர்க்காரர். விழா ஊர்வலத்தை நடத்துவதும் அவர்தான். உள்ளே வரும்போது இளையவர்கள் முன்னால், துணைவேந்தர் கடைசி. வெளியே போகும்போது வரிசை தலைகீழாகும், துணைவேந்தர் முன்னால். ஒத்திகையில் அவர் கையை உயர்த்தினால் வரிசை நிற்க வேண்டும். நிற்காத ஒரு பேராசிரியரை வாசலுக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி நடக்கவைத்தார்.

"இந்த வரிசை மாறித்துன்னா அது பட்டமளிப்பு இல்ல சார், கல்யாணப் பந்தி."

மே மாதம் ஊழியர்களை உல்லாசப் பயணம் அழைத்துப் போனார்கள். அடையாறில் பேருந்து ஏறினோம். கால்மணி நேரத் தூரத்துப் பாலவாக்கம் வருவதற்குள் மதியச் சாப்பாட்டை முடித்திருந்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பங்கழி ஓரத்துப் படகுத்துறையில் இறங்கியபோது பதிவாளர் அரைக்கால் சட்டையில் மைக்கோடு நின்றார். எல்லோரும் மரியாதையாக அவருடைய முகத்தை மட்டும் பார்த்தோம்.

"அந்த மேசைப் பஞ்சாயத்த இன்னிக்கு முடிச்சிடுவோம்," என்றார். "பிரிவுக்கு ஒரு படகு. அந்த மிதவையச் சுத்திட்டுக் கரைக்கு வரணும். தோத்தவங்களுக்கு இந்த சீசன் பூரா அங்கி."

படகு என்றால் கயாக். இருவர் முன்னும் பின்னுமாக உட்காரும் பிளாஸ்டிக் தொட்டி. தேர்வுப் பிரிவு, ஒரு கண்காணிப்பாளரையும் அவருடைய உதவியாளரையும் இறக்கியது. இருவரும் பெண்கள். கண்காணிப்பாளர் வேளச்சேரிவாசி.

"எங்க தெருவுக்கு மழைன்னா படகு வந்துரும் மேடம்," என்றார் என்னிடம். "எனக்கு ஆட்டோவ விட இதான் பழக்கம்."

எங்கள் தரப்பில் நான் கை தூக்கினேன். என்னோடு யார் என்று கேட்கும் முன்பே துணைப் பதிவாளர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். ஏறியதும் முன்னிருக்கையில் அமர்ந்தார். அவருடைய எடையைப் பற்றி நான் பேசுவது முறையல்ல, படகு பேசியது. பின்பாதி என்னோடு மேலே எழுந்தது.

"மேடம், அங்க மேல இன்னா பண்றீங்க?" என்றார் படகுக்காரர். "சார், நீ பின்னால குந்து சார்."

"நான் ஏன்யா பின்னாடி?"

சனிக்கிழமைகள் கையை விட்டுப் போவது எனக்குத் தெரிந்தது. "சார், உள்ள போறப்ப துணைவேந்தர் கடைசியாத்தானே சார் வருவாரு?" என்றேன்.

அவர் யோசித்தார். "வாஸ்தவம்," என்று எழுந்து பின்னால் போனார்.

அதன் பிறகு படகு வழுக்கிக்கொண்டு போனது. அவருக்குக் கைவலு இருந்தது. மிதவையை எட்டியபோது தேர்வுப் பிரிவு நன்றாகப் பின்தங்கியிருந்தது. மிதவையையும் சுற்றிவிட்டோம். சனிக்கிழமை மதியத் தூக்கத்தின் வாசனைகூட எனக்கு வந்துவிட்டது. அப்போது படகு நின்றது.

"ஏன் சார்?"

"திரும்பறோம் இல்லியோ?"

"ஆமா சார்."

"அப்போ பெரியவாதானே முன்னாடி போகணும்? துணைவேந்தர்னு நீங்கதானேம்மா சொன்னேள்."

திரும்பிப் பார்த்தேன். அவருடைய முதுகு தெரிந்தது. இருக்கையிலேயே முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, படகின் வாலைத் தலையாக்கி, அதைக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். நானும் பதற்றத்தில் எனக்கு முன்னால் இருந்த திசையில் துடுப்புப் போட்டேன். அவர் ஒரு பக்கம், நான் எதிர்ப்பக்கம். படகு அசையாமல் நின்றது.

கரையிலிருந்து விசில் கேட்டது. "இன்னா சார், ஆளுக்கொரு ஊருக்குப் போய்க்கினு கீறீங்க?"

"நீங்களும் திரும்புங்கோ!" என்றார் சார். திரும்பினேன். கவிழ்ந்தோம்.

தண்ணீர் இடுப்பளவுதான். லைஃப் ஜாக்கெட்டும் இருந்தது. உயிருக்குப் பயமில்லை, மானத்துக்கு மட்டும்தான். நாங்கள் எழுந்து நின்றபோது தேர்வுப் பிரிவுப் படகு மிதவையைச் சுற்றி, எங்களைக் கடக்கும் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. சார் நெற்றிக்கு ஏறிவிட்ட மூக்குக்கண்ணாடியைத் தேடி வலது கையை உயர்த்தினார்.

அவ்வளவுதான். இரண்டு பெண்களும் துடுப்பை நிறுத்தினார்கள். எத்தனை ஒத்திகை பார்த்தவர்கள்!

கண்ணாடி கிடைத்ததும் சார் படகின் கயிற்றைப் பிடித்துக் கரையை நோக்கி நடந்தார். பின்னால் நான். எங்களுக்குப் பின்னால், முந்தாமல், மிக மெதுவாக, தேர்வுப் பிரிவு. வெளியேறும் ஊர்வலம் அவ்வளவு ஒழுங்காக எந்த அரங்கத்திலும் நடந்ததில்லை.

கரை ஏறியதும்தான் கண்காணிப்பாளருக்கு விழிப்பு வந்தது. "ஐயய்யோ! இன்னாத்துக்கு நின்னோம்?" என்று உதவியாளரின் தோளில் அடித்தார். பிறகு பதிவாளரிடம், "அவங்க நடந்து வந்தாங்க சார், செல்லாது!" என்று முறையிட்டார்.

"சுத்திட்டுக் கரைக்கு வரணும்னுதானே சொன்னேள்? எப்படின்னு சொல்லலியே," என்றார் சார், வேட்டியைப் பிழிந்தபடி.

பதிவாளர் இரு தரப்பையும் கேட்டார். அரைக்கால் சட்டை போட்டிருந்தாலும் பதிவாளர் பதிவாளர்தான். விஷயத்தை ஆராய ஒரு குழு அமைத்தார். குழு முடிவு சொல்லும் வரை இப்போதுள்ள ஏற்பாடே தொடரும் என்றார்.

இப்போதுள்ள ஏற்பாடு என்றால் நான்.

அடுத்த சனிக்கிழமை ஒரு கல்லூரி விழா. பின்வாசலில் அதே மேசை, அதே மணல், அதே ரயில். மேசை என் வயிற்றை அழுத்தும் அளவுக்கு அப்பாக்கள் தள்ளிக்கொண்டிருந்தபோது வெளியேறும் ஊர்வலம் வந்தது. அதை நடத்தி வந்த சார் என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். ஊர்வலம் நின்றது. அப்பாக்களும் நின்றார்கள், ஏனென்று தெரியாமலேயே.

சார் மேசைக்கு வந்து, தன் அங்கியைக் கழற்றி மடித்து நீட்டினார். "பெரியவா முன்னாடி," என்றார். "மத்தவா அப்புறம் ஒவ்வொருத்தரா வாங்கோ."

அங்கியை வாங்கிய கை, பழக்கதோஷத்தில் ஒரு சான்றிதழை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டது. யாரோ ஒருவருடைய பி.காம். சார் கண்ணாடியை இறக்கி அதை முழுதும் படித்தார்.

"செகண்ட் கிளாஸ்தானா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார்.