ஸஜ்தாவிலிருந்து எழுதலும் கிரியேட்டினும்

என் வெற்றியை மட்டுமே ஊர் பேசுகிறது. பிழையையும் நானே எழுதிவைத்தல் முறை.

அறுபத்தெட்டாம் வயதில், தொழுகையில் நெற்றி நிலம்படப் பணியும் ஸஜ்தாவிலிருந்து எழ என் கால்கள் மறுத்தன. பெண்கள் தொழும் மண்டபத்தில் எனக்கென நாற்காலி போட்டனர். அதில் அமர்ந்து முடங்க நான் இணங்கவில்லை. மருத்துவர் சிறுநீரகத்தைச் சோதித்து இசைவளித்தபின், தசைக்கு வலுவூட்டும் எனக் கேள்வியுற்ற கிரியேட்டின் தூளை நீரில் கரைத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி நாள்தோறும் அருந்தினேன். மாதமொன்று கடந்தும் மாற்றமில்லை.

தங்கை சிரித்தாள். "ஓதின தண்ணி மாதிரிக் குடிச்சிட்டுக் குந்தி இருந்தா, வானத்துல இருந்து மலக்கு வந்தா தூக்கிவிடும், ராத்தா?"

சினத்தோடு கல்முனையின் மகளிர் உடற்பயிற்சிக் கூடத்திற்குச் சென்றேன்.

"டீச்சர், பாரம் ஏதும் தூக்கினீங்களா?" என்றாள் பயிற்றுநர்.

"இல்லை."

"அப்ப அந்தத் தூள் என்னத்தச் செய்யும்?"

பின்னரே விளங்கிற்று. கடுமையாக உழைக்கும் தசை சில நொடிகளில் இழக்கும் ஆற்றலை விரைந்து மீட்கக் கிரியேட்டின் உதவுகிறது. அதனால் இன்னும் ஓரிரு முறை பாரம் தூக்கலாம். அக்கூடுதல் உழைப்பே வலிமையாகிறது.

"வயசுபோன நேரத்துல இது தேவையா?" என்றோர் முன்னிலையிலேயே தூக்கினேன். நான்காம் மாதம், நாற்காலியை நானே சுவரோரம் தள்ளிவிட்டுத் தொழுதேன். எதையும் பற்றாமல் எழுந்தேன்.

உழைக்காமல் வலிமை வேண்டியதற்கு நாணுகிறேன். முதுமையில் வலிமை வேண்டியதற்கு நாணேன்.

கிரியேட்டின் பற்றிய என் விளக்கத்தில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. என்னைத் திருத்த முயல வேண்டா.